நன்கொடைக்கு ஒரு செம்பருத்திப் பின்

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கால்வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பி மாணவர்கள் நற்பணிக்கு நிதி திரட்ட விரும்பினால், குறைந்த முதலில் செய்யக்கூடிய கைவேலை ஒன்று உண்டு: துணியில் பூச்செய்து ஆடையில் குத்திக்கொள்ளும் பின்.

மலேசியர்களுக்கு இது புதிதல்ல. பாரம்பரியக் கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரோங்சாங் என்னும் அலங்காரப் பின்களில் பெரியது ஒன்றும் சிறியவை இரண்டும் சேர்ந்துதான் அதன் முன்பக்கத்தைப் பிடித்து வைக்கின்றன. தூடோங் அணியும் பெண்களுக்கும் பின் அன்றாடத் தேவை. ஆகவே வாங்குபவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள்.

பின் விற்று உதவி செய்யும் வழக்கம் நூறாண்டு பழையது. முதல் உலகப்போரில் ஊனமுற்ற வீரர்கள் ஐவரைக் கொண்டு 1922-இல் லண்டனில் ஒரு பட்டறை தொடங்கியது. சட்டையில் குத்தும் பாப்பி மலர்களை அவர்கள் கையாலேயே செய்தார்கள். மலர் விற்ற பணம் வீரர்களின் நலனுக்குப் போனது; செய்தவர்களுக்கு வேலையும் கிடைத்தது.

நமக்கு ஏற்ற மலர் செம்பருத்தி. 1960-இல் தேசிய மலரானது. அதன் ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கின்றன. சிவப்பு ஃபெல்ட் துணியில் ஐந்து இதழ்களை வெட்டுங்கள். ஃபெல்ட் நெய்த துணி அல்ல, இழைகளை அழுத்திப் பிணைத்தது. அதனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். இதழ்களின் அடியை ஒரே நூலில் ஓட்டுத்தையலாகக் கோத்து இழுத்தால் பூ குவிந்துவிடும். நடுவில் மஞ்சள் மணிகளைத் தையுங்கள்.

பின்னின் உண்மையான தரம் அதன் முதுகில் இருக்கிறது. 1849-இல் அமெரிக்கரான வால்டர் ஹண்ட் காப்புரிமை பெற்ற ஊக்கில், கம்பியின் சுருள் ஊசியை வெளியே தள்ளுகிறது, கொக்கி அதைத் தடுத்துப் பிடிக்கிறது. ஆனால் வெறும் ஊக்கில் பூ சுழன்று திரும்பும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் பட்டைப் பின்னே நல்லது. வட்டமாக வெட்டிய ஒரு ஃபெல்ட் துண்டில் இரண்டு கீறல் போட்டு, பட்டையின் இரு முனைகளையும் அவற்றின் வழியே வெளியே எடுத்துப் பூவின் முதுகில் ஒட்டுங்கள். பட்டை இரு துணிகளுக்கு இடையே சிக்கிக்கொள்வதால் கழன்று விழாது. அதை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். நடுவிலோ கீழேயோ வைத்தால் பூ முன்பக்கம் கவிழும்.

விலையைப் பொருட்செலவிலிருந்து கணக்கிடுங்கள். ஒரு பின்னுக்கு 1 ரிங்கிட் 50 சென் செலவாகி 5 ரிங்கிட்டுக்கு விற்றால், 100 பின்களில் 350 ரிங்கிட் நிதிக்குச் சேரும். யாருக்கு, எதற்கு அந்தப் பணம் போகிறது என்பதை மேசையிலேயே எழுதி வையுங்கள். வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. எனவே பள்ளி அல்லது கல்லூரி வளாகத்துக்கு வெளியே விற்பதற்குமுன் உரிய அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள்.

இரக்கத்துக்காக வாங்கிய பின் அலமாரியில் கிடக்கும். நன்றாகச் செய்த பின்னை ஒருவர் ஆண்டு முழுவதும் அணிவார். பார்ப்பவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்பார்கள், உங்கள் நற்பணியும் நாலு பேருக்குத் தெரியவரும். அதனால் மாணவர்களே, எண்ணிக்கையைக் குறைத்தாலும் தரத்தைக் குறைக்காதீர்கள்.