சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே

யானை, மான், புலி, எலி, வௌவால் என்று நிலத்தில் வாழும் காட்டுப் பாலூட்டிகள் அனைத்தையும் ஒரே தராசில் ஏற்றினால் அவற்றின் எடை ஏறத்தாழ 2 கோடி டன் இருக்கும் என்று இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 2023இல் கணக்கிட்டார்கள். மனிதர்களின் மொத்த எடை சுமார் 39 கோடி டன். மனிதர் வளர்க்கும் மாடு, ஆடு, பன்றி முதலியவை சுமார் 63 கோடி டன். அதாவது, காட்டில் ஒரு கிலோ பாலூட்டி இருக்கிறதென்றால் தொழுவத்தில் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கிறது.

எஞ்சிய இந்தக் காட்டு விலங்குகள் சரணாலயங்களுக்குள் பத்திரமாக இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் சேர்ந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். யானைக்கும் சிறுத்தைக்கும் அது போதாது. வரைபடத்தில் வனத்துறை போட்ட கோட்டை அவை அறிவதும் இல்லை. ஊரும் தோட்டமும் சாலையும் உள்ள நிலத்தில்தான் அவற்றின் பிழைப்பில் பெரும்பகுதி நடக்கிறது. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வால்பாறையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

ஆனைமலைத் தொடரின் மேல், பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வருவது வால்பாறை மேட்டுநிலம். பரப்பு சுமார் 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இது மழைக்காடு. காடர் உள்ளிட்ட பழங்குடிகள் வாழ்ந்த நிலம். 1890களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. அடுத்த சில பத்தாண்டுகளில் காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. காட்டை வெட்டியவர்களும் செடி நட்டவர்களும் சமவெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வால்பாறையில் வசிப்பவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர்.

மேட்டுநிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. நடுவில் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் வெட்டப்படாமல் தப்பியிருக்கின்றன. ஒன்று ஒரு ஹெக்டேர் இருக்கும், இன்னொன்று முந்நூறு ஹெக்டேர் இருக்கும். இந்தத் துண்டுகள் இல்லையென்றால் இனிச் சொல்லப்போகும் விலங்குகளில் பாதிக்கு வால்பாறையில் இடமே இருந்திருக்காது.

காடு துண்டானதால் அதிகம் இழந்தது சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு இது. காடுகளில் மீந்திருப்பவை சில ஆயிரங்களே. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்ந்து முடிக்கும் இயல்புடையது. வெடிப்பலா, அத்தி, பலா, பூச்சிகள் அதன் உணவு. பெண் மந்தி முதல் குட்டி ஈன ஆறு வயதாகும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், இழந்ததை ஈடுசெய்ய மிக நீண்ட காலம் எடுக்கும்.

ஒரு காட்டுத் துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடுப்பளவுத் தேயிலை மட்டும் இருந்தால், கிளைவிட்டுக் கிளை தாவும் விலங்குக்கு அது கடல். வளர்ந்த ஆண் மந்தி தன் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் சேர்வதுதான் இயற்கை ஏற்பாடு. வழி அடைபட்டால் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து தலைமுறைக்குத் தலைமுறை இனம் நலிவடையும்.

வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் காட்டுத் துண்டில் நடந்தது வேறு. அங்கே பரப்பு 92 ஹெக்டேர்தான். ஆனால் மந்திகள் பெருகின. 1990களில் சில பத்துகளாக இருந்தவை பின்னர் நூற்றைம்பதைத் தாண்டின. இதைக் கண்டு மகிழ்வதற்கு முன் அவை எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்க வேண்டும். மரத்தைவிட்டு இறங்கித் தரையில் நடக்கக் கற்றுக்கொண்டன. வீட்டு ஓடுகளைப் பெயர்த்து அடுக்களைக்குள் நுழைகின்றன. குப்பையைக் கிளறுகின்றன, சுற்றுலாப் பயணிகள் வீசும் தின்பண்டத்துக்காகச் சாலையோரம் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சாலையிலேயே வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அன்பு என்று நினைத்து ஒருவர் நீட்டும் வாழைப்பழம், அடுத்த வண்டியின் சக்கரத்துக்கு அந்த மந்தியைப் பழக்கிவிடுகிறது.

இதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது. சாலையின் இருபுறமும் உள்ள மரங்களுக்கு நடுவே, பயன்படுத்தித் தள்ளிய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு தொங்குபாலங்கள் கட்டப்பட்டன. மந்திகள் தயங்கிப் பின் பழகிக்கொண்டன. மலை அணிலும் கருமந்தியும்கூட இத்தகைய பாலங்களில் ஏறுகின்றன. பாலம் இல்லாத இடங்களில் கூட்டம் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்தக் காவலர்கள் நின்றார்கள்.

யானையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அதற்குத் தேயிலை தடையே அல்ல. தேயிலையை அது தின்பதில்லை, கடந்து போகிறது. ஓர் ஆண்டில் பல நூறு சதுர கிலோமீட்டர் சுற்றும் விலங்குக்கு இந்த மேட்டுநிலம் ஒரு வழித்தடம். ஆற்றோரக் காடுகளைப் பிடித்துக்கொண்டு அது நடக்கிறது. பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஓடைப் புதர்களிலும் ஒதுங்கி நிற்கும் கூட்டம் இருட்டிய பிறகு தேயிலைக்குள் இறங்குகிறது. மனிதரிடமிருந்து விலக இரவைத் தேர்வது யானை மட்டும் கண்ட வழியல்ல. ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை, மனித நடமாட்டம் கூடக்கூட விலங்குகள் இரவுக்கு நகர்கின்றன என்று காட்டியது.

வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அது அருகில் நிற்பதே தெரியாமல் எதிர்ப்பட்டவர்கள். கடைசிப் பேருந்தில் இறங்கித் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுக்கு நடந்தவர், பனியில் வேலைக்குப் புறப்பட்டவர் என்று தோட்டத்து வாழ்க்கையின் சாதாரண நேரங்களிலேயே அந்த மரணங்கள் நடந்தன. ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி மணத்துக்குச் சுவரை உடைத்த சம்பவங்கள் தனி.

இங்கே பணியாற்றும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, யானைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, யானை அருகில் இருப்பது தெரியாததே மரணங்களுக்குக் காரணம் என்பதைக் கண்டறிந்தது. ஆகவே யானையை விரட்டுவதைவிட, அது இருக்கும் இடத்தை மக்களுக்குச் சொல்வதே முதல் வேலை ஆயிற்று. முதலில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாக, பிறகு தமிழில் குறுஞ்செய்தியாகவும் குரல் அழைப்பாகவும் தகவல் போனது. முக்கியமான சந்திப்புகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு பொருத்தப்பட்டது. கைப்பேசியிலிருந்து அழைத்தால் எரியும். விளக்கு எரிந்தால் சுற்றுவட்டாரத்தில் யானை இருக்கிறது என்று பொருள். விளக்கைத் தோட்டத்து மக்களே இயக்குவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். உயிரிழப்பு குறைந்தது. இந்தப் பணியை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது 2015இல் கிடைத்தது. உலகின் பல இடங்களில் யானையைத் தடுக்க மின்வேலிக்கும் அகழிக்கும் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு.

சிறுத்தை விஷயத்தில் இவ்வளவு தெளிவான வெற்றி இல்லை. தேயிலைப் புதர் அதற்கு நல்ல மறைப்பு. அதன் இரை பெரும்பாலும் கடமான், கேளையாடு, முள்ளம்பன்றி போன்ற காட்டு விலங்குகளே. இருந்தும் வால்பாறையில் குழந்தைகள் சிறுத்தைக்குப் பலியாகியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் அந்த இழப்புக்கு முன்னால் எந்தப் புள்ளிவிவரமும் நிற்காது. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டுவிடு என்று மக்கள் கேட்பது இயல்பு. ஆனால் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் அப்படிப் பிடித்துவிட்டபின் மனிதர்மீதான தாக்குதல்கள் கூடின என்பதை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் பதிவு செய்தார்கள். இடம் தெரியாத சிறுத்தை பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். காலியான இடத்துக்கு வேறொன்று வரும். வீட்டுக்குள் கழிப்பறை, தெருவில் விளக்கு, வாசலை ஒட்டிய புதர் அகற்றம், இறைச்சிக் கழிவை முறையாகப் புதைத்தல் ஆகியவற்றில்தான் பலன் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வசதியைப் பேசாமல் சிறுத்தையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஓசையில்லாமல் பிழைப்பவையும் உண்டு. தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே ஓடும் ஓடைகளில், கரையில் மரமும் பாறையும் மிஞ்சியிருந்தால் சிறு நீர்நாய்கள் நண்டு பிடிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் இரவில் காட்டுப் பழங்களைத் தின்று விதையைத் தொலைவில் போடுகிறது. மழைக்காடு மறுபடி முளைக்க அதன் உழைப்பு தேவை. பொள்ளாச்சியிலிருந்து ஏறும் மலைச்சாலையில் ஆழியாற்றுக்கு மேலே வரையாடுகள் வண்டிகளுக்குப் பழகி நிற்கின்றன. அவற்றுக்கும் மந்திகளுக்கு வந்த அதே தின்பண்ட ஆபத்து வந்திருக்கிறது.

2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய காடு மீட்பு வேலை தேயிலைக்கு நடுவே தப்பிய காட்டுத் துண்டுகளில் நடக்கிறது. களைகளை அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த உள்ளூர் மழைக்காட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். சிதைந்த இடத்தில் கிளைகள் ஒன்றோடொன்று கூடிப் பந்தலாக மூடப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும்; வெடிப்பலாவில் மந்திக் கூட்டம் தங்கிப் பசியாற அதைவிடக் கூடுதல் காலம். தேயிலைக்கு நிழலாக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்குக்குப் பதில் உள்ளூர் மரங்களை வைத்த தோட்டங்களில் பறவையும் விலங்கும் கூடுதலாகப் புழங்குகின்றன. ஆனால் இந்தத் துண்டுகள் பலவும் தோட்ட நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. சரணாலயம் என்ற சட்டப் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. நிறுவனங்களும் ஆய்வாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பேரிலேயே மீட்பு வேலை நடக்கிறது. தோட்டம் கைமாறினால் புதிய உரிமையாளரிடம் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.