உஷார்! லண்டனில் வீடு வாங்குகிறீர்களா? அந்த எழுத்தைப் பார்த்துவிட்டீர்களா?

ஸ்டேஷன் பக்கம், ஸ்கூல் பக்கம், கிச்சன் பளபளவென்று இருக்கிறது என்று மயங்கி ஆஃபர் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இ.பி.சி. பார்த்தீர்களா?

வீட்டைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் பிரித்துச் சொல்லும் சான்றிதழ் அது. இங்கிலாந்தில் 2007 முதல் சட்டம். வீட்டை விற்பவர் அதை உங்களுக்கு இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். ஆனால் நம்மவர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை!

ஒரு தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள். வாடகைக்கு விடலாமென்று பழைய செங்கல் வீடு ஒன்றை வாங்கினார். "சி ரேட்டிங் சார்" என்றார் ஏஜென்ட். நம்பிவிட்டார். சாவி கைக்கு வந்த பிறகுதான் சான்றிதழை விரித்தார். அதிலுள்ள வண்ணப் படத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வீடு இன்று இருக்கும் நிலை. மற்றது, சான்றிதழில் சொன்ன வேலைகளையெல்லாம் செய்து முடித்தால் எட்டக்கூடிய நிலை. ஏஜென்ட் சொன்ன 'சி' இரண்டாவது. இன்றைய நிலை 34. அதாவது 'எஃப்'!

'எஃப்', 'ஜி' வீட்டை, முறையான விலக்கு பெறாமல் வாடகைக்கு விடவே கூடாது. மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். வீடு பூட்டிக் கிடக்கிறது. மாதத் தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. பாவம், அந்தப் பிள்ளை.

நாமே குடியிருக்கத்தானே என்கிறீர்களா? ஜனவரிக் குளிரில் எந்நேரமும் ஹீட்டர் ஓடும். பில் எகிறும். அப்படியும் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படரும். வீசிங் உள்ள குழந்தை அங்கே எப்படித் தூங்கும்?

சான்றிதழின் தேதியைப் பாருங்கள். 10 வருடம் செல்லும் என்பதால், பழைய பாய்லர் காலத்துக் கணக்கும் கைக்கு வரலாம். சுவர், கூரை விவரத்தில் 'அஸ்யூம்ட்' என்று இருக்கிறதா? ஆய்வாளர் கண்ணால் பார்க்கவில்லை, வீட்டின் வயதை வைத்து ஊகித்திருக்கிறார். மாடிக் கூரைக்கு அடியில் ஸ்ப்ரே ஃபோம் அடித்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை! சில வங்கிகள் அந்த வீட்டுக்குக் கடனே தருவதில்லை.

"சர்டிஃபிகேட் அப்புறம் வரும், முதலில் ஆஃபர் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் நகர்ந்துவிடுங்கள்.

அரசாங்கப் பதிவேட்டில் போஸ்ட்கோடு போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பென்ஸ்கூடச் செலவில்லை. ஆஃபர் கொடுப்பதற்கு முன், தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.