விஷமும் தாமதமும்

விஷத்தினால் நேரும் மரணங்களில் விஷத்தின் கொடுமை ஒரு பங்காயின், தாமதத்தின் கொடுமை மற்றொரு பங்காகும். தூத்துக்குடிக் கரையோரத்தில் இத்தாமதம் அறியாமையினால் மாத்திரம் உண்டாவதன்று. ஊரார் வாய்க்கு அஞ்சுதலும், வழக்கைப் பற்றிய பயமும், ஒரு நாட்கூலி போய்விடுமே என்னும் கவலையும் அதற்குக் காரணமாகின்றன.

வலையினின்று மீனை எடுக்கும்போது கடற்பாம்பு தீண்டுவதுண்டு. கடிவாய் அநேகமாய் வலிப்பதில்லை, வீக்கமும் காண்பதில்லை. ஆதலால் கடியுண்டவன் வேலையை விடான். சில மணி நேரத்திற்குள் கழுத்தும் கைகால்களும் விறைத்து நோகும். பின்னர் சிறுநீர் கருஞ்சிவப்பாய் இறங்கும். தசைகள் சிதைந்து சிறுநீரகங்களுக்குக் கேடு நேர்வதன் அடையாளம் அது. தரைப்பாம்புகளுக்கென நம் நாட்டில் வழங்கும் விஷமுறிவு மருந்து இவ்விஷத்தை முறிப்பதில்லையாகையால், சுவாசத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் சாதனங்களுள்ள ஆஸ்பத்திரியே கதி. முற்காலத்தில் முத்துக்குளிப்போர், சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' மந்திரம் ஓதினாலன்றி நீரில் இறங்கமாட்டார்கள். அது மூழ்குவோனுக்குத் தைரியம் தந்திருக்கலாம். கடியுண்டபின் மந்திரவாதியைத் தேடுவதோ காலத்தைப் போக்குவதேயாகும்.

இதனினும் துயரமானது, மனவேதனையால் ஒருவர் விஷம் அருந்தியதை வீட்டார் மறைத்துவைப்பது. மஞ்சட் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையின் வஞ்சகம் இங்கு விசேஷமாய் அறியத்தக்கது. முதலில் வாந்தியும் வயிற்றுநோவும் தோன்றும்; பின்பு ஓரிரு நாள் யாவும் தணிந்தாற்போலிருக்கும். கண்டம் தப்பியது, இனி ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று குடும்பத்தார் ஆறுதலடைவர். அந்நாட்களிலேதான் ஈரல் உள்ளுக்குள் கெட்டுவருகிறது. காமாலை கண்டபின் ஓடிவந்தால் வைத்தியர் செய்யக்கூடியது சொற்பமே.

வழக்குப் பயத்திற்கு ஒரு காலத்தில் ஆதாரமிருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவரைக் கடும் மனவேதனைக்குள்ளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையளிப்பதை அரசாங்கத்தின் கடமையாக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பழைய பிரிவு இடம்பெறவில்லை. ஆஸ்பத்திரியார் போலீஸாருக்குத் தகவல் அனுப்புவது இன்றும் உண்டு, அத்தகவல் தண்டனையன்று.

உப்புநீரும் சாணக்கரைசலும் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது நுரையீரலுக்குள் விஷத்தைச் செலுத்திவிடக்கூடும். அருந்திய பொருளின் டப்பியையோ உறையையோ கையோடு எடுத்துக்கொண்டு, 108 வண்டியைக் கட்டணமின்றி அழைத்து, நோயாளி தெளிவாயிருப்பினும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். என்ன, எப்பொழுது அருந்தினார் என்பதை வைத்தியரிடம் ஒளிக்கலாகாது. மனவேதனையுற்றோர் அந்நிலைக்கு முன்னரே பேசுவதற்கு 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண் உள்ளது.