புண்ணை ஆற்றுவது யார்?

இறைச்சியைச் சில மணி நேரத்தில் கூழாக்கிவிடும் இரைப்பை, தன்னையே ஏன் கூழாக்கிக்கொள்வதில்லை? டீ ஆறுவதற்குள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிளம்புவோம். இரைப்பையும் தசையும் புரதமும்தான். உள்ளே ஊறும் அமிலத்தின் பிஎச் அளவு 1.5, 2 வரை இறங்கும். கூடவே பெப்சின் என்று ஒரு நொதி. எந்தப் புரதம் எதிர்ப்பட்டாலும் நறுக்கிப் போடுவதுதான் அதற்கு வேலை. ஆனாலும் நாம் காலையில் எழுந்து பார்த்தால் வயிறு வயிறாகவே இருக்கிறது.

காரணம், உட்சுவரின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் வழவழப்பான சளிப்படலம். அதற்குள் பைகார்பனேட் சுரந்து, சுவரைத் தொட வரும் அமிலத்தை முறித்துவிடுகிறது. அதையும் மீறி மேலடுக்கு செல்கள் சில செத்தாலும் கவலையில்லை, சில நாட்களுக்கு ஒருமுறை அந்த அடுக்கே புதிதாகிவிடும். இந்தக் காவல் தளரும்போதுதான் அல்சர். தளர்த்துபவை பெரும்பாலும் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, நாம் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள்.

சரி, இந்தக் காவலை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? எலியை ஒரு நாள் பட்டினி போட்டு, மெல்லிய குழாய் வழியாக 1 மில்லி சுத்த ஆல்கஹாலை இரைப்பைக்குள் விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து எலியைக் கொன்று, இரைப்பையை வளைவோரமாக வெட்டித் திறந்து, தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி விரிப்பார்கள். வெளிறிய உட்சுவரில் கருஞ்சிவப்பாக நீளநீளக் கோடுகள் தெரியும். ரத்தம் கசிந்த இடங்கள் அவை. ஒவ்வொரு கோட்டையும் மில்லிமீட்டரில் அளந்து கூட்டுவார்கள். 'புண் பாதியாகக் குறைந்தது' என்று செய்தியில் படிக்கிறோமே, பல சமயம் அது இந்தக் கூட்டுத்தொகையைப் பற்றிய பேச்சுதான். படிக்கும்போது இந்தத் தக்கைப் பலகையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே ராபர்ட். ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஆல்கஹாலை விட்டார், கோடுகள் விழவில்லை. அமிலத்தைக் குறைக்காத சிறு அளவிலேயே இது நடந்தது. 1979இல் இதை வெளியிட்டபோது துறையே திரும்பிப் பார்த்தது. வலி மாத்திரையால் வரும் இரைப்பைப் புண்ணைத் தடுக்க அதே வகையைச் சேர்ந்த மிசோப்ரோஸ்டால் 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடையில் மனிதர்களிடம் முறையான சோதனைகள் நடந்தன. எலியிலிருந்து மருந்துக்கடைக்கு வரும் வழி அதுதான்.

இப்போது, புண்ணை ஆற்றும் என்று சொல்லப்படும் பெப்டைடுகளுக்கு வருவோம். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி நீளமாக இருந்தால் புரதம், குட்டையாக இருந்தால் பெப்டைடு. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்டது. புண் விஷயத்தில் முதலில் பெயர் வாங்கியது ஈ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. ஸ்டான்லி கோஹென் என்ற விஞ்ஞானி சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. சாற்றில் என்ன இருக்கிறதென்று தேடிப் பிரித்ததில் 53 அமினோ அமிலங்கள் கொண்ட ஈ.ஜி.எஃப் கிடைத்தது. 1986இல் ரீட்டா லெவி-மொந்தால்சினியுடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் எச்சிலிலும் இது இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு இதைக் கொண்டு செய்த ஜெல் இந்தியாவில் உண்டு. கியூபாவில் புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள்.

இன்று ஜிம்களில் அடிபடும் பெயர் வேறு: பி.பி.சி-157. லண்டன் வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குரோவேஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் ப்ரெட்ராக் சிகிரிச் தலைமையிலான குழு 1990களின் தொடக்கத்திலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறது. 15 அமினோ அமிலங்கள் மட்டுமே. மனித இரைப்பைநீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்பது அவர்கள் சொல்லும் பூர்வீகம். பெப்சினுக்கும் அமிலத்துக்கும் நடுவே 24 மணி நேரத்துக்கு மேல் சிதையாமல் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் குப்பியில் விற்பதை யாரும் வயிற்றிலிருந்து எடுப்பதில்லை. ரசாயன முறையில் செய்கிறார்கள். 'உடம்பிலேயே இருப்பதுதானே, என்ன செய்துவிடும்?' என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

எலிகளில் கிடைத்த முடிவுகள் கவர்ச்சியானவைதான். ஆல்கஹால் புண், வலி மாத்திரைப் புண், குடல் புண் எல்லாம் குறைந்தன. 2003இல் குதிகால் தசைநாணை வெட்டிவிட்ட எலிகளில் அது வேகமாகச் சேர்ந்ததாக எழுதினார்கள். 2011இல் தைவானில் ஒரு குழு, தட்டில் வளர்த்த தசைநாண் செல்கள் இதன் முன்னிலையில் கூடுதலாக நகர்வதைக் கண்டது. அதன் பிறகு கல்லீரல், நரம்பு, மூளை என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று கேட்டாலே எனக்குக் கொஞ்சம் புருவம் உயரும். கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே குழுவிடமிருந்து வந்தவை. ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மைக்ரோகிராம் கொடுத்தாலும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான 10 நானோகிராம் கொடுத்தாலும் பலன் தெரிகிறது என்கிறார்கள். அளவு இவ்வளவு மாறியும் பலன் பெரிதாக மாறவில்லையென்றால், வேறு ஆய்வகங்கள் அதைத் தாங்களே செய்து பார்த்தே ஆக வேண்டும்.

இனி எல்லோருக்கும் வரும் அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம். 'புண் ஆற்றும் பெப்டைடு' என்று கேட்டதும், அது நேராகப் புண்ணில் போய் உட்கார்ந்து அடைத்துவிடும் என்று நினைக்கிறோம். பெப்டைடு புண்ணை ஆற்றுவதில்லை. ஆற்றுவது நம் உடம்பு. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி செங்கல் வைப்பதில்லை. 'இங்கே ஆள் வரட்டும், அங்கே கலவை போகட்டும்' என்று குரல் கொடுப்பார். பெப்டைடு அந்தக் குரல். செல்லின் மேற்பரப்பில் அதைக் கேட்கும் ஏற்பி ஒன்று இருக்கும். குரல் எட்டியதும் செல் பிரியலாம், நகரலாம், புதிய ரத்தக் குழாய் முளைக்கலாம்.

இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் தானாகவே புரியும். மணலும் செங்கல்லும் வந்து சேராத இடத்தில் மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் சுவர் எழும்பாது. ரத்த ஓட்டம் குன்றிய சர்க்கரை நோயாளியின் காலும், கிருமி இன்னும் குடியிருக்கும் இரைப்பையும் அப்படிப்பட்ட இடங்கள். ஆய்வகத்து எலியோ இளசு, ஆரோக்கியமானது. அதன் புண் எப்படியும் ஆறும். அதனால்தான் வெறும் உப்புநீர் கொடுத்த எலிக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே அளப்பது பெரும்பாலும் எத்தனை நாள் முந்தியது என்பதைத்தான். அறுபது வயது முழங்காலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். குரல் புண்ணோடு நிற்காது. பி.பி.சி-157 ரத்தக் குழாய் வளர்ச்சிக்கான ஏற்பி ஒன்றைத் தூண்டுவதாக 2017இல் தைவானிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. புண்ணுக்குப் புதிய ரத்தக் குழாய் வேண்டும், புற்றுக்கட்டிக்கும் வேண்டும். அதனால் புற்று வரும் என்று யாரும் காட்டவில்லை. வராது என்று சொல்லவும் நீண்டகாலத் தரவு கிடையாது. இந்தக் கேள்வியை மனிதர்களிடம் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதற்கு பெகாப்ளெர்மின் நல்ல உதாரணம். இதுவும் கால் புண்ணுக்கான வளர்ச்சிக் காரணி ஜெல்தான். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று குழாயோ அதற்கு மேலோ பூசியவர்களிடம் புற்றுநோய் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் 2008இல் பெட்டி கட்டிய எச்சரிக்கை சேர்த்தார்கள். மேலும் பல ஆண்டுத் தரவு வந்து சந்தேகம் தணிந்த பிறகு 2018இல் அதை நீக்கினார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்ததால்தான் எச்சரிக்கையைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது.

பி.பி.சி-157க்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. குரோவேஷியாவின் ப்ளீவா நிறுவனம் பெருங்குடல் அழற்சிக்கு இதை எனிமாவாகச் சோதித்தது. முழு ஆய்வுக் கட்டுரையாக அது வெளிவரவில்லை. 2015இல் 42 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் செய்வதாகப் பதிவான சோதனையின் முடிவும் வெளியாகவில்லை. அதன் பிறகு வந்தவை சிறு எண்ணிக்கை நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான், அவற்றில் ஒப்பிட வேறு கூட்டம் இல்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022இல் விளையாட்டு வீரர்களுக்கு இதைத் தடை செய்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் இதைப் பாதுகாப்புக் கவலை உள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி இதற்கு எதிராகக் கிளம்பலாம், தயாரிப்பில் வேண்டாத துண்டுகள் கலந்திருக்கலாம் என்பவை அது சொன்ன காரணங்களில் சில. கடைகளில் வரும் குப்பிகளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அதற்குப் பொருள்.

ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஜாக்ரெப் எலிகள் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. வேறு குழுக்கள் அதைத் திரும்பச் செய்து, பிறகு மனிதர்களிடம் வெளிப்படையாகச் சோதிக்கட்டும். அதுவரை வயிறு எரிகிறவர்கள் குப்பி தேட வேண்டியதில்லை. பைலோரி இருக்கிறதா என்று மலத்திலோ மூச்சிலோ பார்த்துவிடலாம். இருந்தால் பொதுவாக 14 நாள் கூட்டு மருந்தில் ஒழித்துவிடலாம். வலி மாத்திரை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கருப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.