தேவை என்றொரு சொல்

'டிமாண்ட்' என்பதைத் தமிழகப் பாடநூல்கள் 'தேவை' என்கின்றன, 'சப்ளை' அளிப்பு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவையே கேள்வி, நிரம்பல். அங்கிருந்து வந்த பொருளியல் நூலை முதன்முறை புரட்டும் நம்மூர்க்காரர் 'கேள்வி' என்பதைக் கண்டு கொஞ்சம் திகைப்பார். திகைக்க வைக்காத நம் சொல்தான் அதிகம் ஏமாற்றுகிறது என்பேன்.

பசித்தவருக்குச் சோறு தேவை. ஆனால் பொருளியல் இதைத் தேவையாக ஒப்புக்கொள்வதில்லை. வெறும் விருப்பம் என்று ஓரமாக வைத்துவிடும். விருப்பம், கையில் காசு, அந்தக் காசை இதற்கென்று கொடுக்கும் மனம் மூன்றும் சேர்ந்தால்தான் அதன் அகராதியில் தேவை. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. ஆடம் ஸ்மித் 1776லேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார்: பரம ஏழைக்கும் ஆறு குதிரை பூட்டிய வண்டிமேல் ஆசை இருக்கலாம், அதற்காக எந்த வண்டியும் சந்தைக்கு வராது. குதிரை வண்டி என்பதால் நமக்கு உறுத்தவில்லை. அந்த இடத்தில் அரிசியை வைத்துப் பார்க்க வேண்டும்.

விலை ஏறினால் தேவையின் அளவு குறையும் என்பது முதல் பாடம். இந்த வாக்கியத்தை 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் வைத்து வாசியுங்கள். அரிசி விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே தேவை குறைகிறது! குறைந்தது பசியா? விசாரணைக் கமிஷன் கணக்கில் செத்தவர்கள் 15 லட்சம்; அமர்த்தியா சென் கணக்கில் ஏறக்குறைய 30 லட்சம்.

சென் 1981இல் எழுதிய நூலில், 1943இன் உணவு இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 விழுக்காடுதான் குறைவு, பஞ்சமில்லாத 1941ஐவிட அதிகம் என்று காட்டினார். இந்தக் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் யார் செத்தார்கள் என்று அவர் கேட்டதுதான் முக்கியம். யுத்தச் செலவால் கல்கத்தாவில் காசு புழங்கியது; யுத்தத் தொழில்களில் இருந்தவர்களுக்கு மலிவு விலையில் அரிசியும் கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலியின் சம்பளமோ விலையை எட்டிப் பிடிக்கவில்லை.

இன்னும் நுட்பமானது முடி திருத்துபவர் கதை. விலை மாறும்போதோ வருமானம் சுருங்கும்போதோ வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதற்குப் பெயர் நெகிழ்ச்சி. அரிசிக்கு அது குறைவு, எப்படியாவது வாங்கியாக வேண்டும். முடி வெட்டுவதைத் தள்ளிப்போடலாம். எல்லோரும் இருக்கிற காசை அரிசிக்குக் கொட்ட, முடிவெட்டிக்கொள்ள ஆள் வரவில்லை. கொஞ்சம் வந்த கூலியிலும் முன்பு வாங்கிய அரிசியில் சொற்பமே கிடைத்தது. மீன் பிடிப்பவர்கள் கதியும் இதுதான். பாடநூலில் அரைப் பக்கம் வரும் நெகிழ்ச்சி இவர்கள் வயிற்றில் வேலை செய்தது. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு நம்மவர்கள் 'சமநிலை' என்று பெயர் வைத்திருப்பது வேறு. சமம் என்ற வாசனை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புள்ளியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அது சொல்லாது.

நம் இடதுசாரி வெளியீடுகள்கூடத் 'தேவை–அளிப்பு' என்று கூச்சமில்லாமல் எழுதுகின்றன. எழுதிய கையோடு, மக்களின் தேவைக்காகப் போராடுவோம் என்று அடுத்த பத்தியிலேயே வரும். முதல் தேவை காசுள்ளவருடையது, இரண்டாவது காசில்லாதவருடையது. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் அந்தப் பிரசுரம் எவர் பக்கம் நின்று பேசுகிறது என்றே குழம்பிவிடும்.

பேச்சில் நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கிராக்கி. 'முகூர்த்த நாளு, மல்லிக்கு ஏக கிராக்கி' என்று பூக்காரம்மா சொன்னால் காசோடு வருகிறவர்களைத்தான் எண்ணிச் சொல்கிறார். சென்னையில் சவாரிக்கு வரும் ஆளுக்கே கிராக்கி என்று பெயர். 1943இல் அரிசிக்குக் கிராக்கி கல்கத்தாவில் இருந்தது, தேவை கிராமங்களில் இருந்தது என்று எழுதினால் சென் சொன்னதில் பாதி விளங்கிவிடும். கொச்சை என்று பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் இலங்கைக்காரர்களின் 'கேள்வி' இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.