எழுதும் கைக்கு ஏற்ற பேனை

பிள்ளையின் கையெழுத்து நன்றாயில்லையெனக் குறைகூறாத பெற்றோர் அரியர். ஆயினும், அப்பிள்ளையின் கையிலுள்ள பேனை எத்தகையதென ஆராய்ந்து பார்ப்போர் அவரினும் அரியர். சட்டைக்கு அளவு பார்க்கின்றோம். பாதரட்சையை அணிந்து நடந்து பார்த்தபின் வாங்குகின்றோம். பேனையை மட்டும் நிறத்தையும் விலையையும் நோக்கி வாங்கிவிடுகின்றோம். மூன்று மணி நேரப் பரீட்சையொன்றில் மாணாக்கர் கற்றவை யாவும் அந்தச் சிறு முனையின் வழியாகவே வெளிவர வேண்டியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பின், இஃது அற்ப விடயமன்று என்பது புலனாகும்.

பேனையின் தரத்தை அறிய விரும்புவோர் அது தொழிற்படும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். ஊற்றுப் பேனையில், நிப்பின் நடுவேயுள்ள நுண்ணிய பிளவு மயிர்த்துளைத் தன்மையினால் மையை முனைக்குக் கொணர்கின்றது. வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உட்புகுதலும் அவசியம். இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்தும் பேனையொன்றுக்கு அமெரிக்கரான லூயிஸ் எட்சன் வோட்டர்மன் 1884ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். மை தானாகவே இறங்குவதால் இப்பேனையை அழுத்த வேண்டியதில்லை. முனை தாளைத் தொட்டாலே போதும்.

குமிழ்முனைப் பேனையின் இயல்பு வேறு. ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளரான லாஸ்லோ பீரோ 1938இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1945இல் நியூயோர்க் நகரில் குமிழ்முனைப் பேனை விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 12.50 டொலர். 1950இல் பிரான்சில் மார்செல் பிக் வெளியிட்ட மலிவுப் பேனையே இதனை எளியோர் கைக்கும் எட்டச் செய்தது. இதன் மை எண்ணெய் கலந்து பசைபோல் இருக்கும். முனையிலுள்ள குண்டு உருளும்போது மாத்திரமே அது தாளில் படியும். குண்டு உருளச் சற்று அழுத்தம் வேண்டும். ஜப்பானில் 1984இல் அறிமுகமான ஜெல் பேனையிலும் குண்டே உருளுகின்றது. ஆனால் அதன் மை நீர் கலந்ததாதலால் இலகுவில் இறங்கும். அதற்கேற்ப விரைவில் தீர்ந்தும் போகும்.

இங்கேதான் மாணாக்கர் கவனிக்க வேண்டிய செய்தி உளது. இரண்டு பக்கம் எழுதியதும் விரல் நோகின்றதெனப் பிள்ளை கூறினால், அதனைச் சோம்பல் எனக் கொள்ளற்க. எழுதிய தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துக்கள் மேடு மேடாகத் தட்டுப்படின், பிள்ளை பேனையை வருத்தி அழுத்துகின்றது என்பது தெளிவு. மை தடையின்றி இறங்கும் வேறொரு பேனையைக் கொடுத்துப் பார்த்தல் நன்று. ஒற்றைத் தாளை வெறும் மேசைமேல் வைத்தெழுதாது, கீழே சில தாள்களை வைத்தெழுதினும் குமிழ்முனை நன்கு உருளும்.

அடுத்து, முனையின் பருமனை நோக்குவோம். தமிழ் எழுத்துக்கள் பல சுழிகளால் ஆனவை. னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சுழியே. மெய்யெழுத்தை உயிர்மெய்யிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு புள்ளியே. 1 மில்லிமீற்றர் குண்டுடைய பேனையால் நெருங்கிய கோடிட்ட கொப்பியில் சிறிதாக எழுதும்போது சுழிகள் அடைபட்டுப் போகின்றன. மை ஊறும் தாளாயின் சொல்லவும் வேண்டுமோ? விடைத்தாள்களைத் திருத்தும் எம்போன்ற ஆசிரியர்க்கு இது நன்கு தெரிந்த தொல்லை. சிறிதாக எழுதுவோர்க்கு 0.5 அல்லது 0.7 மில்லிமீற்றர் முனை பொருத்தமானது. மிக நுண்ணிய முனையோ சொரசொரப்பான தாளைக் கீறும். ஆதலின் அதனையும் தவிர்க்க.

இடக்கையால் எழுதும் பிள்ளைகளின் கை, எழுதிய வரியின் மேலேயே நகர்ந்து செல்கின்றது. அவர்கட்கு விரைவில் உலரும் மையே உகந்தது. குமிழ்முனைப் பேனை இவ்விடத்தில் சிறந்து நிற்கின்றது. நெடுங்காலம் பேண வேண்டிய பத்திரங்களுக்கும் மழையில் நனையக்கூடிய கடித உறைகளுக்கும், நீரிற் கரையும் சாதாரண ஊற்றுப் பேனை மை ஆகாது.

கடையில் பேனையைப் பரீட்சிக்கும்போது வெறுமனே வட்டங்களைக் கிறுக்குதல் போதாது. வழக்கமாக எழுதும் கொப்பியின் தாளொன்றைக் கொண்டுசென்று, முழு வாக்கியங்கள் சிலவற்றை வழக்கமான வேகத்தில் எழுதுக. தொடக்கத்திலேயே மை வருகின்றதா? இடையில் கோடு அறுபடுகின்றதா? முனையில் மை திரண்டு அப்புகின்றதா? பிடி வியர்வையில் வழுக்குகின்றதா? மூடியைப் பின்னே செருகினால் பாரம் மிகுகின்றதா? இவ்வைந்துக்கும் திருப்தியான விடை கிடைப்பின், பெயர் பெற்ற பேனையோ அன்றோ என்பது பொருட்டன்று. மைக்குழாயை மாற்றக்கூடிய பேனையாயின் செலவும் குறையும்.

ஊற்றுப் பேனை வைத்திருப்போர் மையை மாற்றும்போதெல்லாம் அதனைத் தூய நீரால் கழுவுதல் வேண்டும். சித்திரத்துக்குரிய இந்தியன் மையை அதில் இடலாகாது. அது உள்ளே உறைந்து வழியை அடைத்துவிடும். குமிழ்முனைப் பேனையை முனை கீழாக விழவிடின் குண்டு பழுதுறும்.

பரீட்சைக்கு முதல்நாள் விலையுயர்ந்த புதுப் பேனையொன்றைப் பரிசளிக்கும் அன்பான பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அப்பரிசை இரண்டு மாதத்துக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். கை பழக அவகாசம் வேண்டும். அதே வகையில் மற்றொன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். பேனை கையிலிருப்பதே தெரியாமல் பிள்ளை எழுதிச் செல்லுமாயின், அதுவே நல்ல பேனை. நோவில்லாத கையே சிந்தனைக்கு முழு இடமளிக்கும்.