தீவன மூட்டையில் கொலிஸ்டின் வேண்டாம்

பயிரைப் பற்றி எழுதுகிறவர் கோழித் தீவனத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏன் போகிறார் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் தெளித்தால் என்ன ஆகும்? அரியானாவின் கோதுமை வயல்களில் 1990களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டூரான் தெளித்தும் பலாரிஸ் என்னும் புல் சாகாமல் நின்றது. மருந்துக்குத் தப்பிய செடிகளே விதை உதிர்த்துப் பெருகியிருந்தன. நோய்க்கிருமிகளிடம் நடப்பதும் இதுவே.

கொலிஸ்டின் 1950களில் வழக்குக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மருத்துவர்கள் அதை ஒதுக்கியிருந்தனர். பின்னர், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவும் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் மற்ற மருந்துகளுக்கு மசியாமல் போகவே, கடைசிக் கையிருப்பாக அதையே மீண்டும் எடுத்தனர். அதே மருந்தைத்தான் கோழியும் பன்றியும் விரைவில் எடை கூட வேண்டும் என்று தீவனத்தில் சிறிதளவு கலந்து வந்தார்கள். அந்தச் சிறிதளவில்தான் கேடு இருக்கிறது. வலுவற்ற கிருமிகள் மடியும்; தாங்கியவை பல்கிப் பெருகும்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் கொலிஸ்டினைத் தாங்கும் ஒரு மரபணுவைப் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டதாக அறிவித்தனர். களைக்கு இல்லாத ஒரு வித்தை இதற்கு உண்டு. விதை வழியாக மட்டுமன்றி, ஒரு கிருமியிலிருந்து பக்கத்திலுள்ள வேற்றினக் கிருமிக்கும் தாவிவிடும்! தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீன அரசு 2017இல் நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடமும் மனிதரிடமும் அந்த மரபணு வெகுவாகக் குறைந்தது.

மருத்துவமனைக்குள் கை கழுவுவதும், தொற்றுள்ள நோயாளியைத் தனியே வைப்பதும் நடக்கத்தான் வேண்டும். ஆனால் தாங்கும் கிருமி பண்ணையிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அவை மட்டும் போதா. ஆகவேதான் நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில், உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனக் கலவைக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

"எடை கூடும்" என்று யாரேனும் பொடி கொடுத்தால், அதில் என்ன மருந்து இருக்கிறது என்று கேளுங்கள். பழைய பொட்டலம் வீட்டில் இருந்தால் கிணற்றோரமோ எருக்குழியிலோ கொட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சைக் கோழி எருவை நேரே கீரைப் பாத்தியில் இடாதீர்கள். குவித்து, ஈரம் காத்து, உள்ளே நன்கு சூடேறும்படி புரட்டிவிட்டு, மட்கிய பிறகு இடுங்கள். கிருமிகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் மடிந்துவிடும்.